தூணில் இரண்டு தட்டு

செண்பகத்திடம் ஒரு நோட்டு உண்டு. இருநூறு பக்கம், கெட்டி அட்டை. முன்பக்கமிருந்து புரட்டினால் வேலை கிடைத்தவர்களின் பெயர். பின்பக்கமிருந்து புரட்டினால் வேலை கிடைக்காதவர்கள், கிடைத்த வேலையை விட்டவர்கள் பெயரும், எதிரே காரணமும். பதினோரு வருடமாக எழுதுகிறாள். முன்பக்கக் கணக்கு பதினான்கு தாளோடு நிற்கிறது. பின்பக்கம் நோட்டின் நடுவைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் போனால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதற்குள் வேறு நோட்டு வாங்கிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

காரணங்கள் படிக்கச் சுவையானவை. 'படி ஏறவேண்டியிருக்கும்.' 'படி இல்லை, ஆனால் பாத்ரூம் தூரம்.' 'ஆள் தங்கமான ஆள், இன்சூரன்ஸ்காரர்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்.' டெலிபோன் எடுக்கும் வேலைக்குக் கண் தெரியாத ஒரு பெண்ணை அனுப்பியபோது வந்த பதில்: 'போன் எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?' செண்பகம் கோபப்பட்டுப் பழகியவள் இல்லை. எழுதிப் பழகியவள்.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவளுக்குப் போன் வந்தது. பேசியவர் கலியன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கதவுக் கீல் செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர்.

"இந்தாம்மா செண்பகம், உன் ஆள இட்டுக்கினு போயிடு."

"யாரு, எபினேசரையா? இன்னா பண்ணாருண்ணா?"

"வேலை செய்றாரும்மா."

"சரி. அதுல இன்னா பிரச்சன?"

"அதாம்மா பிரச்சன."

போன் வைக்கப்பட்டுவிட்டது. செண்பகம் பழக்கதோஷத்தில் நோட்டைப் பின்பக்கமிருந்து திறந்து, எபினேசர் என்று எழுதி, எதிரே 'வேலை செய்கிறார்' என்று எழுதினாள். பார்த்தாள். அடித்தாள். பதினோரு வருடத்தில் அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு அது.

செண்பகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வயது நாற்பத்து நான்கு. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் இடது காலை வளரவிடாமல் செய்துவிட்டுப் போனது. அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் வயல் வேலைக்குப் போனவர்கள். வயல்கள் கம்பெனிகள் ஆனபோது கேட்டுக்குள் போனார்கள். அவளும் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பதினான்கு கேட்டுக்குப் போனாள். பதினான்கிலும் செக்யூரிட்டியைத் தாண்டவில்லை. கடைசியில் ஒரு தொண்டு அமைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை வாங்கித் தரும் வேலையை அவளுக்குத் தந்தது. அமைப்பின் அலுவலகம் கவரைப்பேட்டை பஜாரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, முதல் மாடி. கைப்பிடி இல்லாத இருபத்திரண்டு படி. மாற்றுத்திறனாளிகள் கீழே நின்று மேலே பார்ப்பார்கள். மேலேயிருந்து நிர்வாகி கீழே பார்த்துக் கும்பிடுவார். ஆகவே செண்பகத்தின் அலுவலகம், பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் கூட்டிய அவளுடைய ஸ்கூட்டர்தான். டிக்கியில் நோட்டு, விண்ணப்பப் படிவம், ஸ்டாம்ப் பேடு, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு.

கை பேச்சு அவளுக்குத் தெரியும். சிறுவயதில் இருந்த விடுதியில் காது கேளாத பெண்களும் கால் சரியில்லாத பெண்களும் ஒரே கூடத்தில் படுப்பார்கள். அவர்கள் இவளுக்குத் தண்ணீர் தூக்கி வந்தார்கள், இவள் அவர்களுக்கு வார்டன் பேசியதையெல்லாம் ஒன்று விடாமல் கையால் சொன்னாள். நியாயமான பண்டமாற்று.

எபினேசருக்கு முப்பத்தொரு வயது. பிறவியிலிருந்தே காது கேட்காது. பதினொரு கம்பெனி அவனுக்குச் சொன்ன காரணம் ஒன்றுதான்: சைரன் கேட்காது. பன்னிரண்டாவது கீல் கம்பெனி. அங்கே மனிதவள அதிகாரி ப்ரஹ்லாத், திருவள்ளூர் டவுன் கோயில் குடும்பத்துப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத உற்சாகம். "சைரன்தானே மேடம்? லைட் போட்டா போச்சு!" என்றார். எபினேசரின் மேசைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு மாட்டினார்கள். சைரன் ஊதும்போது விளக்கு எரியும். ரிப்பன் வெட்டினார்கள். விளக்கைத் திறந்துவைத்த கம்பெனி இந்தத் தொழிற்பேட்டையில் அதுவாகத்தான் இருக்கும்.

மூன்று மாதம் சோதனைக் காலம். அதன்பின் நிரந்தரம். நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும்: ஒன்று ப்ரஹ்லாத்துடையது, மற்றது சூப்பர்வைசர் கலியனுடையது. வருகிற சனிக்கிழமை மூன்று மாதம் முடிகிறது. இப்போதுதான் கலியன் போன் செய்து, இட்டுக்கினு போ என்கிறார்.

கம்பெனிக்கு எதிரே டீக்கடை. கலியன் ஏற்கெனவே இரண்டு டீ சொல்லிவிட்டு நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்பானர்.

"அண்ணா, லேட்டா வராரா?"

"எனக்கு முன்னாடி வராரு."

"பொருள் டேமேஜ் பண்றாரா?"

"கண்ணாடி மாரி வெக்கறாரு."

"அப்ப கையெழுத்துப் போட்ருங்களேன்?"

கலியன் டீயை ஊதினார். சுற்றுமுற்றும் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்குதும்மா," என்றார்.

"எதுக்கு அளவு?"

"எல்லாத்துக்குந்தான்."

"எபினேசர் எதுல அளவு மீறினாரு?"

"அத நான் வாயால சொல்ல முடியாது. நீ படிச்சவ, புரிஞ்சுக்கோ."

செண்பகத்துக்குப் புரியவில்லை. கலியன் டீ குடித்து முடித்து, "மத்தபடி தங்கமான புள்ள," என்று சொல்லி உள்ளே போய்விட்டார். நோட்டில் எழுதிய காரணங்களில் பாதி இப்படித்தான் 'தங்கமான' என்று ஆரம்பிக்கும் என்பது மட்டும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

சரி, மேலே கேட்போம் என்று ப்ரஹ்லாத்தைப் பார்க்கப் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். அதிலேயே அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"மேடம்! உங்களையே நினைச்சேன். எபினேசர் இஸ் எ ரெவல்யூஷன்! முந்நூத்திருபது பெட்டிதான் ஒரு ஷிப்டுக்கு டார்கெட். எல்லாரும் கரெக்டா முந்நூத்திருபது, முந்நூத்திருபத்தஞ்சு. அஞ்சு வருஷமா அதே. இவரு நானூத்தறுபது! சனிக்கிழமை அவருக்கு மாதத்தின் சாதனையாளர் விருது. ஃபிரேம் வாங்கியாச்சு." மேசைக்கு அடியிலிருந்து காலி ஃபிரேமை எடுத்துக் காட்டினார். "அன்னிக்கே புது டார்கெட் அனவுன்ஸ் பண்றோம். காது கேக்காதவரே நானூத்தறுபது பண்ணா, மத்தவங்க ஏன் பண்ணக்கூடாது? இவரை மாதிரி இன்னும் பத்து பேர் குடுங்க மேடம்."

பத்து பேர்! பதினோரு வருடமாக எந்த அதிகாரியின் வாயிலிருந்தும் வராத வார்த்தை. செண்பகத்துக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, சந்தோஷம்தான் வரவில்லை. ஒருவர் நல்ல வேலைக்காரன் என்பதற்காகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். இன்னொருவர் அதே காரணத்துக்காக ஃபிரேம் வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு பேரும் எபினேசரைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்றே சந்தேகமாகிவிட்டது.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது பின்னாலிருந்து ஒரு கை சாவியைப் பிடுங்கியது. ஞானம்மா. பேக்கிங்கில் எபினேசருக்கு எதிர் மேசை. ஐம்பத்தாறு வயது, இரண்டு முட்டியிலும் பட்டை.

"இன்னா பொண்ணே, இன்னும் பத்து பேர இட்டாறப் போறியாமே?"

"யக்கா, யாராச்சும் ஒருத்தர் எனக்கு நேராச் சொல்லுங்களேன். தல சுத்துது."

ஞானம்மா நேராகவே சொன்னாள். அஞ்சு வருடத்துக்கு முன்னால் டார்கெட் இருநூற்றி நாற்பது. திடகாத்திரமான ஒரு புது ஆள் வந்து முந்நூற்றிருபது போட்டுக் காட்டினான். மறுமாதமே அது எல்லாருக்கும் டார்கெட் ஆனது. போட்டுக் காட்டியவன் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான், டார்கெட் போகவில்லை. சந்திரகலா என்று ஒருத்தி, கை நடுங்கும், முந்நூற்றிருபது முடியவில்லை, நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குப் பிறகு பேக்கிங் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. மத்தியானம் இரண்டரைவாக்கில், பெட்டிகள் இருநூற்று எண்பதைத் தொடும்போது, கலியன் ஸ்பானரை எடுத்து இரும்புத் தூணில் இரண்டு தட்டுத் தட்டுவார். எதையோ முடுக்குகிற மாதிரி இருக்கும். அதன்பின் எல்லாரும் டேப்பின் முனையைத் தேட ஆரம்பிப்பார்கள்.

"டேப்பு முனையா?"

"பெட்டி ஒட்ற டேப்பு. அதும் முன சுளுவுல கெடைக்காதுன்னு உனக்குத் தெரியாதா? நான் தேடினா நாலு நிமிஷம் தேடுவேன். அம்புட்டுப் பேரும் தேடுவாங்க. கேமராவுல பாத்தா வேல செய்ற மாரியே இருக்கும்." ஞானம்மாவின் முகத்தில் தொழில் பெருமை தெரிந்தது. "இவருக்கு மட்டும் அந்தத் தட்டு கேக்கல. அடிச்சுக்கினே போறாரு."

செண்பகம் நெற்றியில் கை வைத்தாள். கம்பெனி ஊதும் சத்தத்துக்கு விளக்கு மாட்டி ரிப்பன் வெட்டியாகிவிட்டது. கம்பெனிக்குத் தெரியாத சத்தத்துக்கு யார் விளக்கு மாட்டுவார்கள்?

"எழுதிக் காட்டியிருக்கலாமே? அவரு தமிழ் படிப்பாரே."

"எழுதறதா? நல்லாக் கேட்ட போ. எழுதினா அத்தாட்சி ஆயிடும். கையக் காட்டினா மேல கேமரா. மொறச்சுப் பாத்தோம். மொத மாசம் முந்நூத்தி நாப்பது போட்டாரு. எல்லாருமா நின்னு மொறச்சோம். அடுத்த மாசம் முந்நூத்தித் தொண்ணூறு. இன்னும் நல்லா மொறச்சோம். இப்ப நானூத்தறுவது! கல்லு மனசுடி அவருக்கு." சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். "நானூத்தறுவது வந்தா இந்த முட்டிய வெச்சிக்கினு நான் எங்க நிக்கறது? அப்ப நானும் மாற்றுத்திறனாளிதான். உன் லிஸ்ட்ல என் பேரையும் எழுதிக்கோ. உன்னாண்டயே வந்து வேல கேக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். செண்பகத்தால் சிரிக்க முடியவில்லை. எபினேசரிடம் முதல் நாள் கேட் வாசலில் அவள் கையால் சொல்லி அனுப்பியது அப்படியே நினைவுக்கு வந்தது: 'அவங்க அளவு செஞ்சா போதாது. ஒரு படி மேல செஞ்சாதான் நம்மள சமம்னு ஒத்துப்பாங்க.' எல்லாரிடமும் அவள் சொல்லி அனுப்புகிற வாசகம் அது. இதுவரை யாரும் இவ்வளவு உண்மையாக எடுத்துக்கொண்டதில்லை.

சாயங்காலம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் காத்திருந்தாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் லோக்கலில் எபினேசர் இறங்கினான். பிளாட்பாரத்து இரும்பு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. கை பேச்சில் 'நன்றாகச் செய்' உண்டு. 'மோசமாகச் செய்யாதே' உண்டு. 'நன்றாகச் செய், ஆனால் ரொம்ப நன்றாகச் செய்யாதே, செய்தால் வேலை போய்விடும்' என்பதற்கு அவள் கைகள் மூன்று முறை கிளம்பி மூன்று முறை மடியில் வந்து விழுந்தன. கடைசியில் ஸ்பானர், தூண், டேப்பு, ஞானம்மாவின் முட்டி எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். பக்கத்தில் ரயிலுக்கு நின்றவர்கள் இலவசமாக ஒரு நாடகம் பார்த்தார்கள்.

எபினேசரின் கைகள் மெதுவாகப் பேசின.

இரண்டரை மணிக்கு எல்லாரும் நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார்கள். தினமும். நான் பின்தங்கிவிட்டேன், அதைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். வேகத்தைக் கூட்டினேன். இன்னும் கோபமாகப் பார்த்தார்கள். இன்னும் கூட்டினேன்.

கையை விரித்துக் காட்டினான். எட்டு விரலில் பிளாஸ்திரி. ராத்திரியில் விரல் மடங்காது; ஜெனிபர்தான் சோற்றைப் பிசைந்து தட்டில் வைக்கிறாள் என்றான். ஜெனிபர் அவன் மனைவி.

மூன்று மாதமாக அவர்கள் முறைத்தது இவன் நிறுத்தட்டும் என்று. இவன் ஓடியது அவர்கள் முறைப்பது நிற்கட்டும் என்று. நடுவில், ஒரு படி மேலே செய் என்று சொல்லி அனுப்பிய இவள்.

மன்னிப்புக் கேட்க அவள் கையை எடுத்தபோது எபினேசர் அவளைத் தடுத்து, பெஞ்சின் இரும்புக் கைப்பிடியில் தன் உள்ளங்கையை வைத்தான். வடக்கே காட்டினான். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்டவாளம் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எக்ஸ்பிரஸின் ஹாரன் கேட்டது, பிறகு ரயிலே வந்து, அவள் புடவைத் தலைப்பைப் பறக்கவிட்டுப் போனது.

அவன் காற்றில் ஒரு தூண் வரைந்தான். அதிலிருந்து ஓரடி தள்ளித் தன் மேசையை வரைந்தான். இரும்பு மேசை. பிறகு மேசையைப் பிடித்துத் தள்ளித் தூணோடு ஒட்டினான். தட்டட்டும் என்றான். தெரிந்துகொள்கிறேன். ஆனால் நிறுத்துவதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்வேன்.

செண்பகம் தலையாட்டினாள். மறுநாள் கலியனிடம் எல்லாம் சொன்னாள், இந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை.

மேசையை நகர்த்துவதற்கு ப்ரஹ்லாத்தின் அனுமதி வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். "விளக்கு வெளிச்சம் கண்ணுல சரியா படல சார், ஓரடி தள்ளணும்," என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் விளக்கு எந்தப் பக்கம் என்பதைத் தவறாகக் காட்டினாள். ப்ரஹ்லாத் கவனிக்கவில்லை. "அக்சஸிபிலிட்டி!" என்று சொல்லிக்கொண்டு போட்டோகிராபரையே கூட்டி வந்துவிட்டார். நான்கு பேர் ஒரு மேசையை ஓரடி தள்ளுவது புதன்கிழமை பதினொரு மணிக்குப் பல கோணங்களில் படமாக்கப்பட்டது; எபினேசரின் ஒன்றரை மணி நேர வேலை அதில் போயிற்று.

வசதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் செண்பகம் மத்தியானம் வரை அங்கேயே ஒரு கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டரை ஆயிற்று. கலியன் ஸ்பானரை எடுத்தார்.

தட், தட்.

பேக்கிங் பிரிவின் மற்ற பதினெட்டு பேரும் டேப்பை எடுத்தார்கள். யாரும் முனையைத் தேடவில்லை, எபினேசரைப் பார்த்தார்கள். அவன் உள்ளங்கை மேசைமேல் இருந்தது. தலை நிமிர்ந்தது. முதன்முறையாக அவர்களைத் திருப்பிப் பார்த்தான், ஒவ்வொருவராக, அவசரமில்லாமல். பிறகு குனிந்து ஒரு பெட்டியை முடித்தான். இன்னொன்று. மூன்றாவது. செண்பகம் தன் நோட்டின் அட்டையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பெட்டியை ஒட்டி முடித்துவிட்டு எபினேசர் டேப் உருளையைக் கையில் எடுத்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். திருப்பினான். கண்ணைச் சுருக்கினான். ஒரு விரலால் மெதுவாக, மிக மெதுவாக, முனையைத் தேட ஆரம்பித்தான்.

"ஐய, என்னையே தூக்கிச் சாப்பிட்ருவாரு போலக்கீதே," என்றாள் ஞானம்மா.

சனிக்கிழமை ப்ரஹ்லாத்தின் அறையில் எபினேசர், கலியன், செண்பகம் மூவரும் இருந்தார்கள். ஃபிரேம் மேசைமேல் இருந்தது. ப்ரஹ்லாத்தின் முகம்தான் வாடியிருந்தது.

"புரியல மேடம். செவ்வாய் வரைக்கும் நானூத்தறுபது. புதன், வியாழன், வெள்ளி... முந்நூத்திருபத்து மூணு, இருபத்தொண்ணு, இருபத்து நாலு. டேபிளை நகர்த்தினதாலயா? பழைய இடத்துக்கே மாத்திடலாமா?"

"வேணாம் சார்!" என்று கலியனும் செண்பகமும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ப்ரஹ்லாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செண்பகம் படிவத்தை அவர் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டினாள். 'மற்ற தொழிலாளர்களுக்குச் சமமாகப் பணிபுரிகிறாரா? ஆம் / இல்லை.'

"இதுக்கு மட்டும் பதில் போடுங்க சார்."

"சமமா... சமமாத்தான் பண்றாரு. எக்ஸாக்ட்டா சமமா பண்றாரு." ஏமாற்றத்தோடு 'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, கையெழுத்தும் போட்டார். கலியன் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கித் தன் பெயரை எழுதி, கீழே கேட்காமலே ஒரு குறிப்பும் சேர்த்தார்: 'மிக நல்ல பணியாளர்.' எபினேசர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து இரண்டு கையெழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தான். மை காயவில்லை; பிளாஸ்திரியில் ஒட்டிக்கொண்டது.

புது டார்கெட் அறிவிப்பு தள்ளிவைக்கப்பட்டது. ஃபிரேம் வீணாகக்கூடாது என்று அதில் மேசை தள்ளும் போட்டோவை மாட்டிவிட்டார்கள். இன்றும் வரவேற்பறையில் இருக்கிறது. அதில் எபினேசர் இல்லை; மேசை இருக்கிறது.

அன்று மாலை செண்பகம் நோட்டை முன்பக்கமிருந்து திறந்து எபினேசரின் பெயரை எழுதினாள். அடுத்ததாக அமைப்பின் மாதாந்திரப் படிவம். அதில் ஒரு கேள்வி: 'பயனாளியின் திறனில் ஏற்பட்ட முன்னேற்றத்தை விவரிக்கவும்.' நானூற்று அறுபதிலிருந்து முந்நூற்று இருபத்து நான்குக்கு வந்திருக்கிறார். விரலில் பிளாஸ்திரி எட்டிலிருந்து இரண்டுக்குக் குறைந்திருக்கிறது. ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ரொம்ப நேரம் யோசித்து, 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினாள். பொய்யா உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த ஆளை வேலைக்கு அனுப்பும்போது கேட் வாசலில் என்ன சொல்லி அனுப்புவது என்பதும் தெரியவில்லை. பழைய வாசகத்தைச் சொல்லக் கை எழும்பவில்லை, புதிது இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் பேக்கிங் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கம்ப்ரஸர் கொண்டுவந்து வைத்தார்கள். நாள் முழுக்க உறுமல். ஞானம்மா பக்கத்து மேசைக்காரியிடம் பேசுவதற்கே கத்த வேண்டியிருக்கிறது. கலியன் இரண்டரைக்கு ஸ்பானரால் தட்டுகிறார். தட்டுகிற அவருக்கே கேட்பதில்லை. கூடத்தில் அது ஒரே ஒருவனுக்குத்தான் எட்டுகிறது.

அதனால் இப்போதும் இரண்டரை நெருங்கும்போது பதினெட்டு பேரும் எபினேசரைத்தான் பார்க்கிறார்கள். அவன் எப்போது டேப்பைக் கையில் எடுக்கிறான் என்று.